எண்ணெய் கொட்டிய பாய்மரக் கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் எண்ணெய் கொட்டிய விபத்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அந்த வரலாற்றை 1967-இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியதிலிருந்து தொடங்கியிருந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள அதே சில்லித் தீவுகளின் கடலில், சுமார் 58,000 பீப்பாய் பாரஃபின் எண்ணெயுடன் ஒரு பாய்மரக் கப்பல் உடைந்துபோனதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார்.

தாமஸ் டபிள்யூ. லாசன் என்பது அதன் பெயர். 1902-இல் அமெரிக்காவின் குவின்சியில் எஃகால் கட்டப்பட்டது. ஏழு பாய்மரங்கள் கொண்ட ஸ்கூனர் (பாய்களை நீளவாக்கில் கட்டும் கப்பல்) உலகில் அது ஒன்றே. நிலக்கரி ஏற்றுவதற்கென்று கட்டப்பட்ட அக்கப்பலில் பாய்களை ஏற்றி இறக்க நீராவியால் கயிறு இழுக்கும் விஞ்சுகள் இருந்ததால், ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அதனை ஓட்டப் பதினெட்டுப் பேரே போதுமானவர்களாக இருந்தனர். முதலாளியின் கணக்கேட்டுக்கு இது இனித்திருக்கும். கடலிலோ அது எளிதில் திசை திரும்ப மறுத்தது. முழுப் பாரம் ஏற்றினால் பல துறைமுகங்களின் ஆழமும் அதற்குப் போதவில்லை. பின்னர் அதை எண்ணெய்க் கப்பலாக மாற்றினார்கள்.

1907 நவம்பர் 19 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டதே அது அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பயணம். வழியில் அடித்த புயல்களில் பாய்களிலும் உயிர்காப்புப் படகுகளிலும் பெரும்பகுதியை இழந்து, டிசம்பர் 13 அன்று சில்லித் தீவுகளின் பாறைகளுக்கு நடுவே நங்கூரமிட்டது. மீட்புப் படகுகள் வந்தும் கேப்டன் ஜார்ஜ் டவ் கப்பலைக் கைவிட மறுத்துவிட்டார். அங்குள்ள செயின்ட் ஆக்னஸ் தீவைச் சேர்ந்த, கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் ஒருவர் மட்டும் ஏறி உடன் தங்கினார். இரவில் நங்கூரச் சங்கிலிகள் இரண்டும் அடுத்தடுத்து அறுந்தன. அலைக்குத் தப்பப் பாய்மரக் கயிறுகளில் ஏறியிருந்தவர்கள் மரங்களோடு சேர்ந்து கடலில் விழுந்தார்கள்.

இந்த அழிவைப் புயலின் தலையில் மட்டும் கட்டுவது சரியென்று எனக்குப் படவில்லை. தன்னைச் செலுத்த எஞ்சின் இல்லாத கப்பலுக்குப் பாய் கிழிந்த பிறகு பாறைகளை விட்டு விலக வேறு வழியே இல்லை என்பதைக் கட்டியவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

பைலட்டையும் சேர்த்துக் கப்பலில் இருந்த பத்தொன்பது பேரில் கேப்டனும் பொறியாளரும் மட்டுமே பிழைத்தனர். தந்தையைத் தேடி மறுநாள் எண்ணெய் படர்ந்த கடலில் துடுப்புப் படகில் வந்த பைலட்டின் மகன், பாறையில் ஒதுங்கிக் கிடந்த கேப்டனைக் கயிற்றோடு நீந்திச் சென்று மீட்டார். தந்தை திரும்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்