பாம்பு பிடிக்கத் தெரியாத என் மாணவிக்காக

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், "குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மாதிரி நீங்களும் வரணும்" என்று பிள்ளைகளிடம் பேசினீர்கள். கைதட்டியவர்களில் என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியும் ஒருத்தி. பாம்பு, எலி பிடிப்பதைப் பழைய தொழிலாகக் கொண்ட இருளர் பழங்குடி வீட்டுப் பெண். அவளுடைய பழங்குடியினர் சான்றிதழ் மனு எத்தனை மாதமாக உங்கள் அலுவலகத்தில் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

விசாரணைக்கு அவளையும் அவள் அம்மாவையும் கூட்டி வந்தது நான்தான். "எலி பிடிப்பீங்களா? பாம்பு?" என்று கேட்டார்கள். "சூளையில கல்லு அறுக்குறோங்க" என்றார் அம்மா. பிடித்துக் காட்டச் சொல்லாததுதான் குறை. பிள்ளை தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மேசைமேல் வைத்தாள். யாரும் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம், ரத்த உறவில் யாராவது வாங்கிய சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆளே அவள்தான் ஐயா. யாரிடம் போய் வாங்குவது?

நீங்கள் சொன்ன முர்முவும் முதல் ஆள்தான். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா கிராமத்தில் சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். படித்து முடித்து அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், பிறகு ராய்ரங்பூர் பள்ளியொன்றில் கௌரவ ஆசிரியை. 1997-ல் அதே ஊரில் கவுன்சிலர், 2000-ல் எம்.எல்.ஏ., 2015-ல் ஜார்கண்ட் ஆளுநர், 2022-ல் குடியரசுத் தலைவர். முன்னால் படித்தவரின் காகிதத்தைக் கொண்டு வா என்று அன்று யாராவது மறித்திருந்தால், உங்கள் பேச்சுக்கு வேறு பெயர்தான் தேடியிருக்க வேண்டும். ஆளுநராக இருந்தபோது, சொந்தக் கட்சி அரசு நிறைவேற்றிய பழங்குடியினர் நிலச் சட்டத் திருத்தங்களை 2017-ல் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியவர் அவர். போடக் கூடாத கையெழுத்தை அவர் போடவில்லை. நான் கேட்பது போட வேண்டிய கையெழுத்து.

மேடைக்கு முர்மு, மேசைக்கு வந்தால் பாம்பு. என்ன கணக்கோ இது!

சரி, கோபத்தில் மடல் நீள்கிறது, மன்னியுங்கள். என் மாணவியும் டீச்சராக வேண்டும் என்கிறாள். கல்லூரிக் கலந்தாய்வுக்குள் அவளுக்குச் சான்றிதழ் வேண்டும். ஊருக்கே வந்து விசாரியுங்கள், பெரியவர்களைக் கேளுங்கள். மறுபடி அலுவலகத்துக்குத்தான் வரவேண்டுமென்றால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். அம்மா சூளையில் சொல்லிவிட்டு வரவேண்டும். தயவுசெய்து அந்தச் சான்றிதழைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய வகுப்பாசிரியை