துபாய்க்கு இரண்டே முக்கால் மணி நேரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடாப் பயணம் பற்றிய தங்கள் குறிப்பில் மதுரை - துபாய் பயண நேரம் இரண்டே முக்கால் மணி என்று வந்திருக்கிறது. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் புறப்படுவது இந்திய நேரம், இறங்குவது துபாய் நேரம். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் நாலே கால் மணி. திரும்பும்போது கணக்கு தலைகீழ்: டிக்கெட்டில் ஐந்தரை மணி போலத் தெரியும், உட்கார்ந்திருப்பது நாலு மணிதான். ஓமனுக்கும் இதே ஒன்றரை. சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் என்றால் இரண்டரை.

வான்வழித் தூரம் சுமார் 2,950 கி.மீ. சென்னையிலிருந்து அளந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மதுரை தெற்கே தள்ளியிருந்தாலும் மேற்கேயும் தள்ளியிருக்கிறதே! மணிக்கு 830 கி.மீ. என்று வகுத்து 'மூன்றரை மணி' என்பாரும் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. வான்பாதையும் நேர்கோடு அல்ல. துபாயில் நெரிசல் என்றால் இறங்க முறை வரும்வரை வட்டமடிக்க வேண்டும். டிக்கெட்டில் போடுவதோ, இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம். தரையில் ஊர்வதும் அதில் சேர்த்தி. குளிர்காலத்தில் உயரே மேற்குக் காற்று வலுப்பதால் போகும்போது நேரம் இழுக்கும், வரும்போது காற்றே முன்னால் தள்ளிவிடும்.

இரண்டே முக்கால் மணிதானே என்று சாப்பிடாமல் ஏறும் சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பிழை விளையாட்டல்ல. மலிவுக் கட்டண விமானங்களில் சாப்பாடு காசுக்குத்தான், அதுவும் தீர்ந்துபோகலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர்களைக் கவிழ்ப்பது நேரத்தைவிடத் தேதிதான். '15ஆம் தேதி 00.40' என்றால் அது 14ஆம் தேதி இரவு. மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறார்கள், அதாவது இரவு 9.40. ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி ஆகும். ஆக, 14ஆம் தேதி மஃரிபு (அந்தித் தொழுகை) தொழுத கையோடு வண்டி எடுத்தாக வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி வருவோர் இன்னும் ஒரு மணி முன்னதாக. (பக்கத்திலேயே உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறதே என்று கேட்க வேண்டாம், அது கடற்படையுடையது.) 15ஆம் தேதி பகலில் பெட்டி கட்டுகிறவருக்கு விமானமும் இல்லை, டிக்கெட் பணமும் பெரும்பாலும் திரும்பாது.

இனி விமான நேரம் அச்சிடும்போது ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் 'இந்திய நேரம்', 'துபாய் நேரம்' என்று போடுங்கள். நள்ளிரவு விமானமென்றால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை