முதலில் மானியக் கணக்கை வாசியுங்கள்

பல்லுயிர் உடன்படிக்கையில் உள்ள நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள். நடுவில் எங்கும் இறங்கவில்லை. புறப்படும் முன் உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகும்வரை தின்று, பிறகு குடலையே சுருக்கிக்கொள்ளும் பறவை இது.

வடக்கே திரும்பும்போது இவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் கடலோரச் சேற்றில் இறங்கி, நீண்ட அலகை நுழைத்துப் புழு பிடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அந்தச் சேற்றுப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது ஆண்டுகளில் காணாமல் போனது. அலாஸ்காவில் கூட்டைக் காத்து என்ன பயன்? மிஞ்சிய சேற்றின் சில பகுதிகளைச் சீனாவும் (2019) தென் கொரியாவும் (2021) உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தன. மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2010இல் ஜப்பானின் நகோயாவில் கூடி, இயற்கையைக் காக்க 20 இலக்குகள் வைத்தீர்கள். 2020இல் உலக அளவில் ஒன்றுகூட முழுதாக நிறைவேறவில்லை. 2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் அது 23 ஆனது! 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்ற இலக்கைப் பற்றித்தான் எல்லா மேடையிலும் பேச்சு. எனக்கு உறுத்துவது 18ஆவது. இயற்கையைக் கெடுக்கும் மானியங்களை 2025க்குள் அடையாளம் கண்டு, 2030க்குள் ஆண்டுக்கு 50,000 கோடி டாலராவது குறைக்க வேண்டும் என்கிறது அது. 2025 முடிந்துவிட்டது. வளரும் நாடுகளுக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் தருவதாகவும் அதே மாண்ட்ரியலில்தான் எழுதினீர்கள். காப்பாற்றக் கொடுப்பது இவ்வளவு, கெடுப்பதற்குக் கொடுப்பதில் குறைக்க வேண்டியதே அதைப்போல 25 மடங்கு. மீன் வளம் தீரத் தீர இன்னும் தூரக் கடலுக்குப் படகை அனுப்ப டீசலுக்குக் காசு கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். உள்ளூரில் ஓட்டுப் போகுமே என்ற பயம் புரிகிறது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து குறைக்க வேண்டும் என்கிறேன்.

ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் உங்கள் மாநாடு கூடும்போது உரைகளைத் தள்ளிவையுங்கள். முதல் நாள் ஒவ்வொரு நாடும் மூன்றே வரி வாசிக்கட்டும்: எந்த மானியம், எவ்வளவு, எப்போது நிற்கும். வாசிக்க அந்த மூன்று வரி இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு உட்காரட்டும்.

அப்புறம் ஒன்று. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாட்டில் நிதி பற்றிய முடிவு எட்டும் முன்பே பலர் விமானம் பிடிக்கக் கிளம்பிவிட, முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் கூட்டம் நின்றது. ரோமில் மறுபடி கூட நான்கு மாதம் ஆனது. இந்த முறை திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் ஒருவன்