டோரோ ஆற்றோடு ஒரு ரயில்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. தேதி குறித்தவுடன் எழுது, முன்பதிவு செய்ய வேண்டும்.

போர்ச்சுகல் போய் வந்தேன். ரயில்வேயிலேயே தலை நரைத்தவன் நீ, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? போர்ட்டோவிலிருந்து கிழக்கே டோரோ ஆற்றை ஒட்டி ஒரு பாதை போகிறது. வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். ஃபெர்ரடோசாவில் பாலம் ஏறித் தென்கரைக்குப் போகும்வரை ஆறு அந்தப் பக்கம்தான். எதிர்க்கரை மலைகளில் பாறையை உடைத்து, கல்சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சை நட்டிருக்கிறார்கள். போர்ட் ஒயின் விளையும் நிலத்துக்கு 1756இலேயே அரசு எல்லை வகுத்துவிட்டது.

கோடையில் ரெகுவாவிலிருந்து துவா வரை நீராவி ரயில் விடுகிறார்கள். 1925இல் ஜெர்மனியின் ஹென்ஷல் ஆலையில் செய்த இஞ்சின், பழைய மரப்பெட்டிகள், கையில் ஒரு கோப்பை ஒயின், கூடவே பாட்டும் கூத்தும். நீ சண்டைக்கு வந்தாலும் சரி, எனக்கு ஊர்க்காரர்கள் போகும் டீசல் வண்டியே போதும். அதே தண்டவாளம், அதே ஆறு, டிக்கெட்டோ பல மடங்கு மலிவு. ரெகுவா நிலையத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள் காகிதத்தில் சுற்றி விற்கும் மிட்டாயும் உண்டு.

பின்யாங் நிலையத்தில் இறங்கிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1937இல் பதித்த நீலப் பீங்கான் ஓட்டுச் சித்திரங்கள், மொத்தம் 24. முக்காடிட்ட பெண்கள் குலை அறுக்கிறார்கள். ஆண்கள் கூடை சுமக்கிறார்கள். ரபேலோ படகும் இருக்கிறது. ஒயின் பீப்பாய்களை அந்தப் படகுகள்தான் ஆற்று வழியே போர்ட்டோவின் எதிர்க்கரையான காயாவுக்கு இறக்கிக்கொண்டிருந்தன. ரயில் வந்தது, படகின் பிழைப்பில் மண் விழுந்தது. பிழைப்பைக் கெடுத்தவன் வீட்டுச் சுவரிலேயே படம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ரயிலுக்கும் அதே கதிதான். 1887இல் ஸ்பெயின் எல்லையான பார்கா த'ஆல்வா வரை போட்ட பாதை இது. ஸ்பெயின் தன் பக்கத்தை 1985இல் மூடியது. 1988இல் இவர்களும் பொசின்யோவோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிலையத்துக்கு அப்பால் புதருக்குள் தண்டவாளம் இன்னும் கிடக்கிறது.

நீதான் சொல்ல வேண்டும்: இத்தனை வருஷம் வண்டி ஓடாமல் கிடந்த பாதையை மறுபடி திறப்பதென்றால் எதிலிருந்து தொடங்குவார்கள்? கட்டையும் கல்லும் மாற்றினால் போதுமா, பாலங்களையும் பார்க்க வேண்டுமா? கல்யாண வேலைக்கு நடுவில் நேரம் கிடைத்தால் எழுது.

அன்புடன்,
சேகர்