கிழிந்த ரப்பர் உறையை யார் குனிந்து பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் காரைப் பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளைப் படித்தேன். டயர், வைப்பர், பேட்டரி, பிரேக் எல்லாம் இருந்தது. முன்சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கிற ஆக்சிலைப் பற்றியும், அதன் ஜாயிண்டை மூடியிருக்கும் 'பூட்' என்கிற ரப்பர் உறையைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. கொல்லிமலை அடிவாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். குடும்பத்தோடு வந்தவர். வளைவில் வண்டி நின்றுவிட்டது. மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, ஸ்பீடாமீட்டர் முள்கூட ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது என்றார். கிளட்ச் போயிருந்தால் முள் ஏறாதே என்று எனக்கு அப்போதே சந்தேகம். போய்ப் பார்த்தால், முதல் கியரில் நிறுத்தியும் வண்டி பின்னால் உருண்டதால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். ஒரு பக்க ஆக்சில் விட்டுப்போனால் அப்படித்தான். கியர் வண்டியைப் பிடிக்காது, இறக்கத்தில் எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் கிடையாது. பிரேக் ஒன்றுதான் துணை. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் இது விளையாட்டு இல்லை.

ஸ்டியரிங்கை ஒடித்து, டிரைவர் பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். வெளிப்பக்க ரப்பர் பூட் மடிப்போடு சுற்றிக் கிழிந்திருந்தது. ரிம்மின் உள்பக்கம் வட்டமாக ஒரு கருப்புக் கோடு. உள்ளே இருந்த கிரீஸ் என்றைக்கோ தெறித்துப் போய் மண்ணோடு காய்ந்திருந்தது. பட்டறைக்கு இழுத்து வந்து, பூட்டுக்குள் இருக்கும் சிவி ஜாயிண்டை, அதாவது சக்கரம் திரும்பினாலும் ஓட்டத்தைக் கடத்தும் மூட்டைப் பிரித்தால், ஆறு குண்டுகளையும் பிடித்து வைக்கும் கூண்டு உடைந்து, குண்டு ஓடும் தடமெல்லாம் அம்மி கொத்தின மாதிரி பள்ளம். மூன்று மாதமாகவே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் 'கட்டக் கட்டக்' என்று சத்தம் வந்ததாம். 'திரும்பும்போது மட்டும்தானே' என்று விட்டுவிட்டார். இடையில் ஒரு சர்வீஸும் நடந்திருக்கிறது. பில்லைக் காட்டினார். அடிப்பாகம் பார்த்தாயிற்று என்று டிக் போட்டிருந்தது.

எங்கள் நாமக்கல் லாரி ஊர். எந்த லாரி டிரைவரும் பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டுக்குக் கிரீஸ் அடிக்காமல் லோடு ஏற்ற மாட்டார். நான் தொழில் பழகிய அம்பாசிடரிலும் அப்படித்தான், கிரீஸ் ஏற்ற நிப்பிள் இருக்கும், கிரீஸ் கன்னை வைத்து அடிக்கலாம். 1983 கடைசியில் மாருதி வந்த பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும் கார் இங்கே வீட்டுக்கு வீடு பரவியது. அதன் சிவி ஜாயிண்டில் நிப்பிள் கிடையாது. உள்ளே வைத்த கிரீஸ்தான் ஆயுசுக்கும். அதைக் காப்பது அந்த ரப்பர் பூட் ஒன்றுதான். ரப்பர் நன்றாக இருந்தால் ஜாயிண்ட் லட்சம் கிலோமீட்டரும் தாண்டும்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, செல்போன் டார்ச்சை அடித்து, பூட்டின் மடிப்பை விரலால் விரித்தால் வெடிப்பு தெரியும். மறுபக்கமும் அப்படியே. கியர் பாக்ஸை ஒட்டி உள்பக்கம் இருக்கும் பூட்டுக்கு மட்டும் வண்டியைப் பிட்டில், அதாவது அடியில் நின்று பார்க்கும் குழி மேல் ஏற்ற வேண்டும். அந்த ஜாயிண்ட் தேய்ந்தால் சத்தத்தைவிட, வேகமெடுக்கும்போது வண்டி உதறும். கிழிசல் புதுசு, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் ஜாயிண்டைக் கழுவி, புது பூட்டோடு கிட்டில் வரும் மாலிப்டினம் கலந்த கருப்புக் கிரீஸைத் திணித்துப் பூட்டையும் கிளாம்ப்பையும் மாற்றினால் போதும். சில நூறு ரூபாய் சாமான். சத்தம் வந்த பிறகு கிரீஸ் வைப்பது வீண். நாலு நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும். அப்போது செலவு ஆயிரக்கணக்கில். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி அனுப்புகிற வேலையையும் பார்த்திருக்கிறேன், எங்கள் தொழில்காரர்களே செய்வதுதான். ஆக்சிலைச் சக்கரத்தோடு பிடிக்கும் ஹப் நட்டைப் புதுசாகப் போட்டு, அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடுக்காமல், நட்டு முடுக்கும் கன்னால் அடித்து அனுப்பினால், அடுத்து வீல் பேரிங்குக்கு வருவார்கள்.

இன்னொன்று. அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியையும் சோளத்தட்டையும் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள், கார் ஏறி மிதிக்கட்டும் என்று. அந்தத் தண்டு ஆக்சிலில் கயிறு முறுக்கின மாதிரி இறுகிச் சுற்றிப் பூட்டை அறுக்கிறது. சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தை, மாசியில் என் பட்டறைக்கு வரும் பூட் வேலையில் பாதி இதுதான். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், நானும் காட்டில் களை எடுத்து வளர்ந்தவன்தான். ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் இருந்தால் யார் ரோட்டுக்கு வரப்போகிறார்கள்? அதுவரை ஓட்டுபவர்கள் செடி மேல் ஏறி வந்தால், தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்த்து, சுற்றியதை அறுத்து எடுத்துவிடட்டும்.

சர்வீஸ் விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டிக்கை நம்பாதீர்கள், வண்டி பிட்டில் நிற்கும்போதே நாலு பூட்டையும் காட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை தங்கள் நாளிதழில் குறிப்புகள் வரும்போது வைப்பருக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்