கையெழுத்துக்கும் கதவுக்கும் நடுவே

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அதில் நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் உன்னிடம் ஓர் உதவியும் கேட்கப்போகிறேன். கேள்விக்காக எழுதுகிறேனா, உதவிக்காக எழுதுகிறேனா என்பதை நீயே முடிவுசெய்துகொள். வழக்குத் தொடுப்பவருக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்காக எதிர்த்து வாதாடும் எனக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது என்றால், ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிவதுபோல் இல்லையா என்று எழுதியிருந்தாய். கும்பகோணத்தில் பாகப்பிரிவினை வழக்குகளிலேயே இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவனுக்கு வேறு உவமை தோன்றாது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு அடுப்பு எரியத்தான் வேண்டும் என்பது என் பதில். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருந்த நம் கல்லூரியில் படித்தபோது இலவச சட்ட உதவி எப்படி நடந்தது என்பது உனக்கும் நினைவிருக்கும். குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் வக்கீல் இல்லாமல் கூண்டில் நின்றால், நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஜூனியர் ஒருவரிடம் வழக்குக் கட்டு கைமாறும். அவர் அதைப் பிரித்துப் படித்து முடிப்பதற்குள் முதல் சாட்சி ஏறிவிடுவார். அடுத்த வாய்தாவுக்கு அந்த ஜூனியர் வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் விரிவுபடுத்திய, நான் இப்போது வேலை பார்க்கும் சட்ட உதவித் திட்டத்தில் அந்த நிலை பெருமளவு மாறிவிட்டது. முழு நேர ஊதியத்தில் ஒரு வழக்கறிஞர் குழு. தனிப்பட்ட வழக்குகளை எடுக்கக் கூடாது. ரிமாண்டில் தொடங்கி மேல்முறையீடு வரை ஒரே அலுவலகம் ஆளைப் பின்தொடரும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. ஒப்பந்த வேலைதான்; ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் ஒரு வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நானே வைத்திருக்கிறேன் என்ற நிம்மதி, தனியாகத் தொழில் நடத்திய காலத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

முதல் தடை சட்டத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. சிறையின் நேர்காணல் அறையில் நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் எதிரே இருப்பவர் கேட்பார்: “சார், நீங்க கவர்மெண்ட் வக்கீலா?” ஊர் வழக்கில் கவர்மெண்ட் வக்கீல் என்றால் தண்டனை வாங்கித் தருபவர் என்று பொருள். இல்லை, உங்கள் பக்கம்தான் என்று சொன்னால், “அப்ப காசு?” என்பது அடுத்த கேள்வி. காசு வேண்டாம் என்றதும் சந்தேகம் இன்னும் வலுக்கும். காசு வாங்காத வக்கீல் உருப்படியாக வாதாட மாட்டார் என்று நம்பி, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து வேறு வக்கீலைப் பிடித்த தாய் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, அந்த வக்கீல் தொலைபேசியை எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு, அடகுச் சீட்டோடு என்னிடமே திரும்பி வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைத்த எதுவும் அவருக்கு அதுவரை நன்றாக அமைந்ததில்லை.

வழக்கறிஞர் தேவைப்படுவது விசாரணையில்தான் என்று நாம் படித்தபோது நினைத்தோம். உண்மையில் அவர் வேண்டியிருப்பது, கைதானவரை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்தும் அந்த ஐந்து நிமிடத்தில். பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில், முதல் ஆஜரிலிருந்தே சட்ட உதவி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் சொன்னது அதனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நீதிபதியின் வீட்டு வராந்தாவில் வலது கையில் மாவுக்கட்டோடு ஓர் இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று குறிப்பு இருந்தது. யாராவது அடித்தார்களா என்று நீதிபதி கேட்டபோது, அவன் நீதிபதியைப் பார்க்காமல் தனக்குப் பின்னால் நின்றவரின் காலணியைப் பார்த்தபடி இல்லை என்றான். போலீசாரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்ட பிறகு வந்த பதில் வேறு. அன்று நான் வாதாடியது அந்த ஒரு வாக்கியம்தான்.

இனி, உன் கேள்விக்கு உண்மையான பதிலுக்கு வருகிறேன். என் நாளில் பெரும் பகுதி வாதத்தில் போவதில்லை. ஜாமீன் உத்தரவில் நீதிபதி கையெழுத்திடுவதற்கும் சிறைக்கதவு திறப்பதற்கும் இடையே கிடக்கும் தூரத்தில்தான் போகிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதை நீ அறிவாய். அவர்களில் ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள் உண்டு என்பதைப் புழலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து கம்பி கட்டும் வேலைக்கு வந்த ஒருவர், கட்டட வளாகத்தில் செம்புக் கம்பி திருடியதாகக் கைதானார். இருபத்திரண்டாம் நாள் ஜாமீன் கிடைத்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பிணைதாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். இருவரும் புகைப்படத்தோடு இடது பெருவிரல் ரேகை பதிக்க வேண்டும். நிபந்தனையை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்த மனிதருக்குச் சென்னையில் ரத்த உறவு என்று கொசுவைத் தவிர வேறு யாருமில்லை. ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரை தருவதற்கு மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பணத்துக்குத் திட்டம் இருக்கிறது, ரத்த உறவுக்கு எந்தத் திட்டத்தில் மனுப் போடுவது? பெர்ஹாம்பூர்க்காரரான இன்னொரு கைதியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வழியாக ஒடியாவில் நான் விளக்கியபோது, ஜாமீன் கிடைத்துவிட்டது என்ற பாதி மட்டும் அவருக்குப் புரிந்தது. அப்படியானால் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லத் தயங்கினார்.

1978இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் நகல் என் பையில் எப்போதும் கிடக்கும். மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டு, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவருடைய அண்ணன் தம்பி உறவில் வந்த பிணையையும் ஒரு மாஜிஸ்திரேட் தள்ளிவிட்ட வழக்கு அது. மலையாளியோ தமிழனோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணைதாரருக்கு எங்கே போவான் என்று கேட்ட நீதிபதி, பிணைதாரர் இல்லாமல், ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னார். சாந்தினி சௌக் இருந்த இடத்தில் சென்னையை எழுதிக்கொண்டால் என் மனு தயார். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணை தரப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து நாற்பத்தேழாம் நாள், சொந்த ஜாமீனில் அவர் வெளியே வந்தார். அதற்குள் அவர் தங்கியிருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.

இதை வெற்றிக்கதையாக முடிக்க எனக்கும் ஆசைதான். அவர் நேராக ஊருக்கு ரயிலேறிவிட்டார்; அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை; இப்போது பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறது. வெளியே வந்ததும் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் என்று ஒப்பந்தக்காரர் வழியாகத் தெரிந்துகொண்டேன். இதற்குத்தான் ரத்த உறவு கேட்கிறோம் என்று அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர் வராந்தாவில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்கும் உடனே பதில் வரவில்லை. வெளியே விடும் முன், வழக்கு இன்னும் இருக்கிறது என்பதை அவருடைய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும். பிழை என்னுடையது, இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

வெளியே வந்தவர்களுக்கும் கதவு முழுதாகத் திறந்துவிடுவதில்லை. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையை நீயும் பார்த்திருப்பாய். கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஏழரைக்கு வந்து, எட்டுக்கு வண்டியை எடுத்துவிடுவார். பத்தரைக் கையெழுத்து என்றால் அன்றைய கூலி இல்லை. முப்பது கையெழுத்து என்றால் ஒரு மாதக் கூலி. குற்றம் நிரூபணமாகும் முன்பே கட்டும் அபராதம் அது. எந்தத் தீர்ப்பிலும் அதற்கு ரசீது கிடையாது. நிபந்தனைத் தளர்வு மனுவில், மாலை ஆறு மணி என்று ஒரு சொல்லை மாற்றச் சொல்லி நான் கேட்பது வாரத்துக்கு நான்கைந்து முறை நடக்கிறது. பெரும்பாலான நீதிபதிகள் மறுப்பதில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

குற்றப்பத்திரிகை அறுபது நாளில் வராவிட்டால் உரிமையாகவே கிடைக்கும் அறுபது நாள் பெயில் கதையெல்லாம் நேரில் சொல்கிறேன். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் தீர்ந்துவிட்டதால், காலண்டரில் நான் சிவப்பு மையில் போடும் வட்டங்கள் ஒரு நாள் முன்னே நகர்ந்திருக்கின்றன. குற்றப்பத்திரிகை எனக்கு முன்னால் வந்துவிட்டதா என்று அறுபத்தோராம் நாள் காலை நீதிமன்ற அலுவலகத்தில் விசாரிக்கும்போது அடிக்கும் நெஞ்சு, முதல் வழக்கில் அடித்ததைப் போலவே இன்றும் அடிக்கிறது.

இப்போது உதவி. வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவன், பத்தொன்பது வயது, செல்போன் திருட்டு வழக்கில் உள்ளே இருக்கிறான். ஜாமீன் கிடைத்துப் பதினொரு நாளாகிறது. தாய் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பிணைக்குத் தயார். ஆனால் தாயின் பெயரில் ரேஷன் கார்டும் இல்லை, வீட்டு வரி ரசீதும் இல்லை. நிபந்தனையை மாற்றக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன், அது எப்போது பட்டியலில் வருமோ தெரியாது. தந்தை இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தொலைபேசியில் இரண்டு முறை பேசினேன். பையன்மேல் பாசம் இருக்கிறது, ஆனால் பிணைக்கு வர மறுக்கிறார். காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய்: தம்பியோடு பாகப்பிரிவினைத் தகராறு இருந்ததாம், கோர்ட்டில் கைநாட்டு வைத்தால் தன் பங்கு நிலம் தம்பி மகனுக்குப் போய்விடும் என்று ஊரில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சொன்னால் அவர் நம்பவில்லை; நான் காசு வாங்காத வக்கீல். நீ அந்த வட்டாரத்தில் மூன்று தலைமுறைப் பத்திரங்களைப் படித்தவன். ஒரு நடை போய், பையன் வாய்தாவுக்கு வராவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் அவர் பொறுப்பு, நிலத்தின் உரிமை ஒரு குழிகூட மாறாது என்பதை உன் வாயால் சொல். ஆதார், ரேஷன் கார்டு, இந்த ஆண்டு வீட்டு வரி ரசீது, இரண்டு புகைப்படம், எல்லாவற்றுக்கும் மூலமும் நகலும் வேண்டும். உழவன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால் விடியலில் எழும்பூரில் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். டிக்கெட் செலவை நீ கொடுத்துவிடு, கணக்கை நாம் பிறகு பார்த்துக்கொள்வோம். புதன்கிழமைக்குள் முடியுமானால் நல்லது. வியாழக்கிழமை எங்கள் நீதிபதி விடுப்பில் போகிறார்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்