செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும்.

பொங்கல் விழாவும் பாரதி நாளும் வழக்கம்போல் நடந்தன. கர்நாடக மாநில உதய நாளான ராஜ்யோத்சவத்துக்குப் பாயசம் வழங்கினோம்.

இவ்வாண்டு அடியேன் முன்மொழிந்து நடத்தியது கன்னட நாவலாசிரியர் திரிவேணியின் வாசிப்பு. தலைமுறை தலைமுறையாக மைசூருவில் குடியிருக்கிறோம். இதே ஊரில் இருந்து எழுதியவரை நம்மில் பலர் சினிமா டைட்டிலில் பார்த்ததோடு சரி. 1928-இல் மண்டியாவில் பிறந்த அனசூயாதான் திரிவேணி. உளவியல் படித்தவர். முதல் நாவல் ‘அபஸ்வர’ 1953-இல் வந்தது. 1963-இல், பிரசவமான சில நாள்களில், 34 வயதில் மறைந்தார். அந்தப் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய 20 நாவல்கள்! நாம் ஓராண்டில் அவற்றில் ‘சரபஞ்சர’ ஒன்றையே முடிக்கவில்லை.

கன்னடம் பேசவரும், படிக்க வராது என்றவர்களுக்காக அத்தியாயம் அத்தியாயமாக நானே தமிழில் சொன்னேன். பிரசவத்துக்குப் பின் மனநோய் கண்ட கதாநாயகி காவேரி, மருத்துவமனையில் குணமாகித்தான் வீடு திரும்புகிறாள். வீடுதான் குணமாகவில்லை. சற்றுச் சத்தமாகச் சிரித்தாலும் கோபப்பட்டாலும் “பழையபடி ஆகிவிட்டதோ” என்று பார்க்கிறார்கள், கணவனும் ஒதுங்கிப்போகிறான். அந்தப் பார்வையே அவளை மறுபடி நோயில் தள்ளுகிறது. இந்தப் பகுதியை வாசித்த மாலை, எப்போதும் வாயே திறக்காத ஓர் அம்மாள், “எங்க சித்தியையும் இப்படித்தான் பார்த்தோம்” என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினோம். அன்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நாவலை வைத்து இயக்குநர் புட்டண்ண கனகால் 1971-இல் எடுத்த படத்தைத் திரையிட்டபோது அரங்கில் நாற்காலி போதவில்லை. போண்டாவும் போதவில்லை. அடுத்த வாசிப்புக்கோ, “படம்தான் பார்த்தாச்சே சார்” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். சாமராஜபுரத்தில் திரிவேணி வாழ்ந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பியவர்கள் ஓர் ஆட்டோவில் அடங்கிவிட்டோம்.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அரங்கம் தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இன்னொரு கன்னட எழுத்தாளர் எம்.கே. இந்திராவின் ‘பணியம்மா’ நாவலை எடுக்கலாம் என்று ஓர் எண்ணம். பிரதிகள் வாங்கப் பணம் வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். அதில் சிரமம் இருந்தால், பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.